உடுப்போரும் உழைப்போரும்

அந்நிய நாட்டில் வசிக்கப் புகுந்தவன் அந்நாட்டாரின் பாஷையைக் கற்குமுன் அவர்களுடைய உடையைக் கவனிக்கிறான். பாஷை காதுக்குப் பழக மாதங்கள் வேண்டும். உடையோ வந்திறங்கிய நாளிலேயே கண்ணிற் படுகிறது. ஆயினும் அதன் பொருள் விளங்கச் சிறிது காலம் செல்லும். ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா நகரில் நாம் சில மாதங்கள் தங்கியிருந்தபோது இதனை நன்குணர்ந்தோம்.

அந்நகரில் வெள்ளிக்கிழமைகளில் எந்தக் காரியாலயத்தினுள் நுழைந்தாலும், பெரிய உத்தியோகஸ்தர் முதல் சேவகர் வரை பலரும் சித்திர வேலைப்பாடுள்ள பாத்திக் சட்டை அணிந்திருக்கக் காணலாம். விவாகத்திற்கும் அரசாங்க விருந்துக்கும் முழுக்கை பாத்திக் சட்டையே பூரண மரியாதைக்குரிய உடை. கோட்டும் வேண்டுவதில்லை, டையும் வேண்டுவதில்லை. சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டும் அங்கியும் தரித்து ஹைகோர்ட்டில் வாதாடும் நம்போன்ற வக்கீல்களுக்கு இக்காட்சி சற்றுப் பொறாமையை உண்டாக்காமலிராது.

இம்மரியாதை எளிதில் வந்ததன்று. முற்காலத்தில் பராங் முதலிய சில கோலங்களை அரண்மனையைச் சேர்ந்தோரன்றி ஏனையோர் உடுத்தலாகாதென்று ஜாவா அரசர்கள் விதித்திருந்தனர். டச்சுக்காரர் ஆட்சியிலோ ஐரோப்பிய உடையே அதிகாரத்தின் அடையாளமாயிற்று. 1945-ல் சுதந்திரப் பிரகடனம் செய்த இந்தோனேசியர் தமது துணிக்குத் தாமே கௌரவம் தேடினர். 1972-ல் ஜக்கார்த்தா கவர்னர் அலி சாதிக்கின், முழுக்கை பாத்திக் சட்டையை ஆடவர்க்குரிய சம்பிரதாய உடையென அந்நகரில் அங்கீகரித்தார். 1994-ல் போகோரில் கூடிய பசிபிக் வட்டார நாட்டுத் தலைவர்கள், அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் உட்பட, பாத்திக் சட்டையணிந்து படமெடுத்துக் கொண்டனர். 2009 அக்டோபர் 2-ஆம் தேதி யுனெஸ்கோ ஸ்தாபனம் இக்கலையை உலகப் பாரம்பரியங்களுள் ஒன்றாக ஏற்றது. அந்நாளை இந்தோனேசியர் பாத்திக் தினமாகக் கொண்டாடி வருகின்றனர்.

உடை வென்றது, உழைப்பு வென்றதா?

கையால் எழுதும் பாத்திக் பெரும்பாலும் பெண்களின் தொழில். சிறு செப்புக் குவளையும் நுண்ணிய மூக்கும் உடைய கருவியில் உருக்கிய மெழுகை வார்த்து, துணியின்மேற் கோலம் எழுதுவர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயம் தோய்த்தபின் கொதிநீரில் மெழுகைப் போக்கி, மற்றொரு நிறத்திற்கு மீண்டும் எழுதுவர். நுட்பமான துணியொன்று முடிய மாதக்கணக்காகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செப்பு அச்சினால் மெழுகை ஒற்றும் முறை வந்தது. அதில் வேகம் அதிகம், ஆயினும் அதுவும் கைவேலையே. மூன்றாவது வகையில் மெழுகே இல்லை. யந்திரம் கோலத்தை மட்டும் அச்சடித்துத் தள்ளுகிறது. கடைவீதியில் மலிவாகக் குவிந்திருப்பது இதுவே.

டச்சு ஆலைகள் அந்நூற்றாண்டிலேயே பாத்திக்கைப் போலி செய்யத் தொடங்கின. அத்துணி ஜாவாவில் நிலைபெறாமல் மேற்கு ஆப்பிரிக்காவிற் போய் விலையாயிற்று. அன்று அந்நியன் போலியை ஏற்காத நாட்டில், இன்று சுதேசிப் போலி தேசாபிமானத்தின் பெயராலேயே விற்பனையாகிறது! நாம் கண்ட பட்டறைகளில் மெழுகெழுதியவர் பலரும் வயது முதிர்ந்த மாதர். கூலி குறைந்த தொழிலுக்கு அவர்கள் பெண்மக்கள் ஏன் வருவர்?

இது நமக்குப் புறம்பான கதையன்று. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சித்திரத் துணிகளை ஒருகாலத்தில் விரும்பி வாங்கியவர் அத்தீவுக் கூட்டத்தார். அத்துணியளித்த தமிழ்நாட்டில் இன்றைய நிலை யாது? வேஷ்டி அணிந்தவரைக் கிளப்புகளில் தடுக்கலாகாதென்று நம் சட்டசபை 2014-ல் சட்டம் செய்தது, நல்ல காரியமே. ஆனால் அவ்வேஷ்டி எந்தத் தறியில் நெய்யப்பட்டதென்று அச்சட்டம் வினவவில்லை, உடுப்போரும் வினவுவதில்லை. விசைத்தறித் துணி கைத்தறியென்று விற்கப்படுவதைக் கண்டும் காணாதிருக்கிறோம்.

சட்டம் உடைக்கு வாயிலைத் திறந்துவிடலாம்; நெசவாளி வீட்டில் உலையேற்ற வல்லவர் வாங்குவோரே. எழுதிய பாத்திக்கில் மெழுகும் சாயமும் துணியினூடே பாய்வதால் இருபுறமும் நிறம் ஒத்திருக்கும். அச்சடித்ததற்குப் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். ஆகவே விவரமறிந்த ஜாவாக்காரர் விலை கேட்குமுன் துணியைப் புரட்டிப் பார்க்கின்றனர். தேசிய உடையணிந்து மேடையேறும் நம் நண்பர்களும் இனித் தமது துணியைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பார்களாக.