எளிய இன்பங்களின் விலை

கம்பத்தில் பேருந்து நிறுத்தம் வரை வெயிலுக்காகக் குடை பிடித்து நடந்தேன். குமுளியில் இறங்கியதும் அதே குடையை மழைக்காக விரித்தேன். இடையில் கழிந்தது ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனி மாதத்தில் இந்தப் பயணத்தைச் செய்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஒரு கோட்டைத் தாண்டினாற்போல வெயில் முடிந்து சாரல் தொடங்கும். நனைந்த சட்டையோடு கடை ஓரத்தில் நின்று ஒரு கட்டன் சாயாவும் ஒரு பழம்பொரியும் வாங்கினேன். அந்த வேளையில் அதைவிடச் சுவையான உணவு உலகில் எங்கும் இருந்திருக்க முடியாது என்றே இன்றும் தோன்றுகிறது.

உத்தமபாளையம் அருகே பிறந்தவன் நான். மதுரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்துப் பணி நிறைவு பெற்றேன். பணியில் இருந்தவரை சொந்த ஊருக்கு வருவது திருமணத்துக்கும் துக்கத்துக்கும் மட்டுமே. ஓய்வுக்குப் பின் சர்க்கரை நோய் வந்தது. "தினமும் நடங்கள்" என்றார் மருத்துவர். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நானும் ஒரு பள்ளி மைதானத்தை நாள்தோறும் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றே மாதத்தில் சலித்துவிட்டது. "நடப்பதற்காகப் போகாதீர்கள், பார்ப்பதற்காகப் போங்கள், நடை தானாக வரும்" என்றார் என் மனைவி. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் இருவரும் ஒரு வாரம் ஊருக்கு வந்தோம். அன்று முதல் ஆண்டுதோறும் வருகிறோம்.

இத்தனை சிறிய நிலப்பரப்பில் இத்தனை தட்பவெப்பங்கள் எப்படி அமைந்தன? அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுகிறது. மேலெழும் காற்று குளிர்ந்து, தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்திலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டிக் கீழிறங்கும்போது அது உலர்ந்த காற்று. இறங்க இறங்க வெப்பமடைகிறது. எனவேதான் முகட்டுக்கு அப்பால் அடைமழை பெய்யும் அதே நாளில் கம்பம் பள்ளத்தாக்கு வெறும் காற்றில் உலர்ந்துகொண்டிருக்கிறது. இதையே மழை மறைவுப் பகுதி என்கிறோம். உயரமும் தன் பங்கைச் சேர்க்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். கம்பத்துக்கும் குமுளிக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறக்குறைய 500 மீட்டர். சின்னமனூரிலிருந்து மேகமலையின் ஹைவேவிஸ் வரை சென்றால் அது 1,000 மீட்டரைத் தாண்டும். காலையில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்தவர் மதியத்துக்குள் கம்பளியைத் தேடுவார்.

காற்றுக்கும் இங்கே தனி வழி உண்டு. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றுடன் கம்பமும் தமிழகத்தின் முக்கியமான காற்றுக் கணவாய்களுள் ஒன்று. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம்.

நம் முன்னோர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவத்தையும் ஒரு பொழுதையும் உரியதாக்கினார்கள். மருதத்துக்கு வைகறை, முல்லைக்குக் கார்காலத்து மாலை, பாலைக்கு வேனில் நண்பகல், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும். மாணவனாக இருந்தபோது மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பட்டியல் அது. நெய்தல் நீங்கலாக ஏனைய நான்கையும் தேனி மாவட்டத்தில் ஒரே நாளில் காலாலும் பேருந்தாலும் கடந்துவிடலாம் என்பதை அறுபது வயதுக்குப் பிறகே உணர்ந்தேன். விடியலில் உத்தமபாளையத்து வயல் வரப்பு. நண்பகலில் ஆண்டிபட்டிக் குன்றுகளின் வறள்நிலம். மாலையில் வருசநாட்டுப் பக்கம் மந்தை திரும்பும் புழுதி. இரவில் மலைமேல் குளிர். இந்தப் பகுப்பு, இந்த மண்ணில் நடந்து பார்த்தவர்களுடைய அறிவு என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆனால், இந்த மாற்றத்தை உணர வேண்டுமானால் அது நம் உடலைத் தொட வேண்டும். ஒருமுறை உறவினர் ஒருவரின் குளிரூட்டப்பட்ட காரில் தேனியிலிருந்து குமுளி சென்றேன். கண்ணாடிகள் மூடியிருந்தன, உள்ளே முழு வழியிலும் ஒரே குளிர். வெளியே காற்று மாறியதும் மண் வாசனை எழுந்ததும் எனக்குத் தெரியவில்லை. பயணம் வசதியாக இருந்தது. ஆனால், இன்று நினைத்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை.

இந்த வேறுபாட்டைப் பொருளியல் அறிஞர் ஒருவர் முன்பே ஆராய்ந்திருக்கிறார். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய திபோர் சிட்டோவ்ஸ்கி, 1976-இல் வெளியிட்ட 'மகிழ்ச்சியற்ற பொருளாதாரம்' என்ற நூலில், வசதி வேறு, இன்பம் வேறு என்றார். வசதி என்பது அசௌகரியம் இல்லாத நிலை. இன்பமோ ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பிறப்பது. பசித்தவனுக்குத்தான் சோறு இனிக்கும். வெயிலில் வந்தவனுக்குத்தான் நிழல் இனிக்கும். எல்லா அசௌகரியங்களையும் காசு கொடுத்து விலக்கிக்கொண்ட சமூகம், அவற்றோடு இன்பத்தையும் விலக்கிவிடுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். குமுளிக் கடையின் கட்டன் சாயா ஏன் அத்தனை சுவைத்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் அத்தகைய இன்பங்களுக்குக் குறைவில்லை. விடியலில் வாய்க்கால் கரையில் நடந்தால் நீரின் குளிர்ச்சி முழங்கால் வரை ஏறும். சுருளிப்பட்டிப் பக்கம் பந்தலடியில் எடை போட்டு வாங்கும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைக்கும் முன்பும் அதன் இனிப்பு அதுவே. போடியில் ஏலக்காய்க் கிடங்குகள் உள்ள தெருக்களில் வெறுமனே நடந்து போனாலே மணக்கும். மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலிலேயே இன்பம் தொடங்கிவிடும். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் சன்னல் வழியே வரும் காற்று வேறாகிவிடும். 2010-இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்ற அந்த ரயில், 2022-இல்தான் தேனிக்கும் 2023-இல்தான் போடிக்கும் மீண்டும் வந்தது.

இவற்றையெல்லாம் 'காசில்லாமல் கிடைக்கும் இன்பங்கள்' என்று சொல்வது வழக்கம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது பிழை. நாம் காசு கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால், யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வாய்க்கால் கரையையே எடுத்துக்கொள்வோம். மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய அணை, கர்னல் பென்னிகுவிக்கின் தலைமையில் 1895-இல் நிறைவுற்றது. அடர்ந்த காட்டில் அதைக் கட்டியவர்களில் மலேரியாவுக்கும் காலராவுக்கும் பலியான தொழிலாளர்கள் பலர். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்த நீர் வந்திராவிட்டால், பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் மருதநிலம் இருந்திராது. நான் நடக்கும் கரையும் இருந்திராது. சாலையோரப் புளியமரங்களும் அப்படியே. நட்டவர்கள் தமக்கு நிழல் வேண்டி நட்டவர்கள் அல்லர். ராணி மங்கம்மாளின் பெயரைச் சாலைகளோடும் சத்திரங்களோடும் தென்மாவட்ட மக்கள் இன்றும் இணைத்துப் பேசுவதற்குக் காரணம், நடந்து போகிறவனை அவர் நினைத்தார் என்பதே.

நுழைவுச்சீட்டு இல்லாத இன்பத்துக்கு மதிப்பு என்ன என்ற கேள்வி பொருளியலுக்குப் புதிதன்று. 1947-இல் அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறைக்கு ஹெரால்டு ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் ஒரு கடிதம் எழுதினார். எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு செலவு செய்து மக்கள் ஒரு பூங்காவுக்கு வருகிறார்கள் என்று கணக்கிட்டால், அந்த இடத்துக்கு அவர்கள் தரும் மதிப்பை அறியலாம் என்பது அவர் சொன்ன வழி. பயணச் செலவு முறை என்று பின்னாளில் வளர்ந்தது அதுவே. இவ்வாறு கணக்கிடுவது ஏன் தேவை? கணக்கில் வராதது திட்ட மதிப்பீட்டிலும் வருவதில்லை. சாலையை அகலப்படுத்தும்போது மிச்சமாகும் நிமிடங்களுக்கு மதிப்பு போடுகிறோம். வெட்டப்படும் மரத்தின் நிழலுக்குப் போடுவதில்லை.

நடை இன்பத்தைப் பற்றி எழுதும்போது மறக்கக் கூடாத ஒரு காட்சியும் உண்டு. ஒருநாள் அதிகாலையில் கம்பத்தில் நடந்துகொண்டிருந்தேன். சாலையோரத்தில் பெண்கள் சிலர் தூக்குவாளியோடும் மழைக்கான பிளாஸ்டிக் விரிப்போடும் ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள். கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் மலையேறி, மாலையில் திரும்புகிறவர்கள். "வாக்கிங்கா சார்?" என்று கேட்ட ஒருவர், "நீங்க குளிரப் பாக்கப் போற மலைக்குத்தான் சார் நாங்க வேலைக்குப் போறோம். நாள் பூராம் நனைஞ்சுட்டு வந்தா, இங்க அனல் அடிக்குது" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

நோன்பிருப்பவனும் உணவின்றிக் கிடப்பவனும் ஒரே அளவு பசியில் இருக்கலாம். ஆனால், ஒருவனுக்குத் தேர்வு உண்டு, மற்றவனுக்கு இல்லை என்பார் அமர்த்திய சென். வெயிலிலிருந்து மழைக்குச் செல்லும் ஒரே பாதை, எனக்கு இன்பம். அந்தப் பெண்ணுக்கு உழைப்பு. அவர் காத்திருக்கும் இடத்தில் ஒரு நிழற்குடை, நடந்து வீடு திரும்ப விளக்கெரியும் நடைபாதை, நெரிசலற்ற வாகனம் ஆகியவை கிடைத்தால் அவை எனக்கும் பயன்படும். எனக்குப் பயன்படுவதற்காக அல்ல, அவருக்குத் தேவை என்பதற்காகவே அவை முதலில் வேண்டும்.

இன்று நம் ஊர்களில் நடப்பது எளிய செயலாக இல்லை. சென்ற ஆண்டு, நடைபாதை இல்லாத ஒரு சாலையில் லாரிக்கு ஒதுங்கித் திறந்த சாக்கடையில் கால் வைத்தேன். கணுக்கால் வீங்கி இரண்டு வாரம் படுத்திருந்தேன். என் நிலை மேல். 2022-இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த ஏறக்குறைய 1.68 இலட்சம் பேரில் 32,000-க்கும் மேற்பட்டோர் பாதசாரிகள். அதாவது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

மலைப்பாதைக்கும் கவனம் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்த மாவட்டம் மறக்காது. கோடையில் காய்ந்த புல்வெளியும் வீசும் காற்றும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை அது காட்டியது. எல்லாவற்றையும் மூடிவிடுவது தீர்வாகாது. எல்லாவற்றையும் திறந்துவிடுவதும் தீர்வாகாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு, முன்பதிவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது நல்ல நடுவழி. இதற்கு நம்மிடமே பழைய முன்மாதிரி உண்டு. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும், பளியன்குடியிலிருந்து ஆறு கி.மீ.க்கு மேல் காட்டுவழியே நடந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மக்கள் செல்கிறார்கள். ஆண்டின் மற்ற நாள்களில் அந்தக் காடு விலங்குகளுடையது.

மலைக்குக் கட்டுப்பாடு தேவை; சமவெளிக்கு அக்கறை போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயல்களுக்கு ஊடே செல்லும் நடைவழிகள் உள்ளிட்ட பொதுவழிகள் 2 இலட்சம் கி.மீ.க்கு மேல் சட்டப் பாதுகாப்புடன் இருக்கின்றன. நிலத்தின் உரிமையாளர் யாராயினும் வழியை அடைக்க முடியாது. நம் வாய்க்கால் கரைகளையும் கண்மாய்க் கரைகளையும் ஊராட்சிகள் அவ்வாறு பட்டியலிட்டு ஆக்கிரமிப்பிலிருந்து காக்கலாம். சாலை அகலமாகும்போது நடைபாதையும் நிழல்மரமும் கூடுதல் அலங்காரமாக அல்லாமல் திட்டத்தின் பகுதியாகவே கணக்கிடப்படலாம். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மேம்பாலத்துக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கணுக்கால் தேறியபின், இந்த ஆண்டும் ஜூனில் ஊருக்கு வந்தோம். வீட்டு வாசலிலிருந்து வாய்க்கால் வரையுள்ள வழியில் ஒரு பழைய புளியமரம் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. என் மனைவி பேசாமல் சற்று நின்றார். மறுநாள் காலை நடைக்குப் புறப்படும்போது அவர் கையில் இரண்டு புங்கங் கன்றுகள் இருந்தன. அவை நிழல் தரும் காலத்தில் நாங்கள் இருப்போமா என்பது தெரியாது. எங்களுக்கு நிழல் தந்த மரத்தை நட்டவரும் அதைக் கணக்குப் பார்த்து நட்டிருக்க மாட்டார்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).