உருகுவதும் கரைவதும்

‘ஐஸ் கரைந்துவிட்டது’ என்பது பேச்சுவழக்கு. ஐஸுக்கு நேர்வது உருகுதல், கரைவது உப்பு. வடசென்னையில், ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு.

திண்மப் பொருள் வெப்பத்தால் திரவமாவது உருகுதல். வேறொரு பொருளின் துணை அதற்குத் தேவையில்லை. ஐஸ் 0 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. ஒரு கிராம் ஐஸ் உருகச் சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை உயராது. விசைப்படகில் மீனின் மேல் கொட்டப்படும் ஐஸ், இந்த வெப்பத்தை மீனிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஐஸ் உருக உருகத்தான் மீன் குளிர்ந்து, கெடாமல் கரை சேர்கிறது.

கரைவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். நீரில் விழுந்த உப்பு சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிந்து நீர் மூலக்கூறுகளுக்கிடையே பரவுகிறது. உப்பை உருக்க 801 டிகிரி வெப்பம் தேவை. கரைக்கப் பச்சைத் தண்ணீரே போதும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். மிஞ்சியது அடியில் தங்கிவிடும்.

உருகிய ஐஸைக் குளிர வைத்தால் மறுபடி உறையும். கரைந்த உப்பைத் திரும்பப் பெற நீரை ஆவியாக்க வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய உப்பளங்களில் வெயில் செய்த வேலை இதுதான்.

ஐஸ் ஃபேக்டரியில் இரண்டையும் பார்க்கலாம். அங்குள்ள பெரிய தொட்டியில் உப்பு கரைத்த நீர் இருக்கும். அம்மோனியா குழாய்கள் அதை 0 டிகிரிக்குக் கீழே குளிர்விக்கும். கரைந்த உப்பு உறைநிலையைக் குறைத்துவிடுவதால் அந்த நீர் உறையாது. அதில் இறக்கிய தகர டப்பாக்களில் உள்ள நல்ல தண்ணீர் மட்டும் கட்டியாகும். பிறகு டப்பாவைச் சாதாரண நீரில் சற்று நேரம் அமிழ்த்துவார்கள். ஓரம் லேசாக உருகியதும் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

கருவாட்டில் உருகுதலுக்கு இடமில்லை. மீனில் தடவிய உப்பு அதன் ஈரத்தில் கரைந்து, உள்ளிருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது.

ஐஸின் மேல் உப்பைத் தூவினால் இரண்டும் சேர்ந்தே நிகழும். ஐஸின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் உப்பு கரையும்; அதனால் 0 டிகிரிக்குக் கீழேயும் ஐஸ் உருகும். உருகத் தேவையான வெப்பத்தைக் கலவையே இழப்பதால் வெப்பநிலை சுமார் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கலாம். குல்ஃபி வண்டிப் பானையில் ஐஸோடு உப்பையும் போடுவது இதற்காகவே.