பின்சக்கரத் தடையும் ஒரு ரப்பர் வளையமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

காரை ஓடச் செய்யும் எந்திரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதை நிற்கச் செய்யும் தடையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அப்படிப் பேசுகிறவர்களும் முன்சக்கர பிரேக்கோடு முடித்துக்கொள்வார்கள். பின்சக்கர பிரேக் கெட்டுப் போனால் ஓட்டுபவருக்கே பல மாதங்கள் தெரியாமல் இருப்பதுண்டு. அது எப்படிக் கெடுகிறது, கெட்டதை எப்படிக் கண்டறிவது, அதன் பின் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பவற்றை என் தந்தையாரின் பட்டறையில் கண்டதையும் நம் வகுப்பில் கற்றதையும் கொண்டு எழுத முற்படுகிறேன். ‘என்ன செய்யக்கூடாது’ என்னும் பகுதிக்கு அடியேனே சான்று.

என் தந்தையார் சேலத்தில் சிறிய கார் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலில் மிதித்தவன் நான்தான். சென்ற கோடை விடுமுறையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். முன்போல் மைலேஜ் இல்லை, ஓட்டிவிட்டு இறங்கினால் ஏதோ கருகிய வாடை வருகிறது என்பது அவர் குறை. அப்பா காரைச் சுற்றி வந்து நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டு போனார். பின்பக்கத்து இடச் சக்கரத்தில் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். “பின்னாடி ஜாம் ஆயிருக்குதுங்க சார்” என்றார். இஞ்சினைத் திறந்தே பார்க்கவில்லை.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். அம்பாசடரில் நெடுங்காலம் நான்கு சக்கரங்களுக்கும் அதுவே. 1983இல் வந்த மாருதி 800இல் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சற்று விலையுயர்ந்த சில கார்களில் மட்டும் பின்னாலும் டிஸ்க் வைத்தார்கள். ஆசிரியரின் கார் அந்த வகையைச் சேர்ந்தது. டிஸ்க் பிரேக் புதிய சரக்கு என்று நினைக்க வேண்டா. இங்கிலாந்தைச் சேர்ந்த லான்செஸ்டர் 1902லேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1953இல் பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

அதன் அமைப்பு எளிது. சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதன் இருபுறமும் இரண்டு பேடுகள். இடுக்கி போல இவற்றை அழுத்தும் கருவியே காலிப்பர். பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தம் பெறுகிறது. மூடிய திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதியை நாம் தேர்வுக்கு எழுதி மறந்திருப்போம். அந்த விதி இங்கே தினந்தோறும் வேலை செய்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 22 மில்லிமீட்டர், காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 38 மில்லிமீட்டர் என்று கொண்டால், பரப்புகளின் விகிதம் ஏறத்தாழ மூன்று. ஆக, தள்ளும் விசையும் மூன்று மடங்கு.

தள்ளுவது புரிகிறது. காலை எடுத்தவுடன் பிஸ்டன் எப்படிப் பின்வாங்குகிறது? டிரம் பிரேக்கில் அதற்கென ஸ்பிரிங்குகள் உண்டு. காலிப்பரில் அப்படி ஒன்றும் இல்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விந்தை இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரில் வெட்டிய பள்ளத்தில், ஒரு ரப்பர் வளையம் அமர்ந்திருக்கிறது. அதன் குறுக்குவெட்டு வட்டமாக இராது, சதுரமாக இருக்கும். பிஸ்டன் முன்னே நகரும்போது வளையத்தின் உள்விளிம்பு அதைப் பற்றிக்கொண்டு சற்றே சாய்கிறது. அழுத்தம் நீங்கியதும் மீள்தன்மையால் நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம்தான். தட்டு உராயாமல் சுற்ற அதுவே போதும். ஆயில் கசியாமல் காப்பதும், ஸ்பிரிங்காக நின்று இழுப்பதும் அந்த ஒரே வளையம்தான்.

பிஸ்டனில் துரு ஏறினால் வளையத்தால் அதை இழுக்க முடியாது. காலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கான பின்கள் மசகு வற்றி இறுகினால், பெரும்பாலும் உள்பக்கப் பேடு மட்டும் தேய்ந்து வெளிப்பக்கப் பேடு புதிதுபோல் இருக்கும். பின்சக்கரத்துக்கு இவற்றோடு இன்னொரு தொல்லையும் உண்டு. பல கார்களில் ஹேண்ட் பிரேக்கின் கேபிள் காலிப்பருக்குப் பின்னால் ஒரு நெம்புகோலை இழுக்கிறது. அது உள்ளே ஒரு திருகாணியைச் சுழற்றிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. நெம்புகோலின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மழைநீரும் சேறும் அதன் வழியே புகுந்துவிடும். துருப்பிடித்த நெம்புகோல் இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. பழைய கார்களில் பின் காலிப்பர் ஜாம் ஆவதற்கு இது முக்கியமான காரணம்.

இவ்வளவு நடந்தும் ஓட்டுபவருக்கு ஏன் தெரிவதில்லை? பிரேக் போட்டதும் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? காரின் பாரமும் அப்படியே முன்சக்கரங்களுக்குப் போகிறது. 1,500 கிலோ கார், விநாடிக்கு விநாடி 6 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்போம். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 0.55 மீட்டர் உயரத்திலும், சக்கர அச்சுகளின் இடைவெளி 2.5 மீட்டராகவும் இருந்தால், ஏறத்தாழ 200 கிலோ எடை பின்னாலிருந்து முன்னால் மாறுகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. பின் பிரேக் ஒன்று வேலைநிறுத்தம் செய்தாலும் சாதாரண வேகத்தில் கார் நின்றுவிடும். மழைநாளில் திடீரென்று மிதிக்கும்போதுதான் பின்பக்கம் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போகும்.

கண்டறிய அப்பா கையாளும் முறை ஆய்வுக்கூடத்துக்கு ஏற்றது. காரை ஜாக்கியில் தூக்கி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். சுற்ற மறுத்தால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைக் காலிப்பரிலிருந்து கழற்றுவார். சக்கரம் விடுபட்டால் குற்றவாளி கேபிள். இல்லையேல் ஏர் எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துவார். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ரப்பர் குழாயின் உட்சுவர் உப்பி, போகும் ஆயிலைப் போகவிட்டுத் திரும்பும் ஆயிலை மறித்திருக்கும். அப்போதும் விடுபடாவிட்டால் மட்டுமே காலிப்பரைக் கழற்றுவார். ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று நம் செய்முறை வகுப்பில் சொல்வார்களே, அதுதான் இது. இந்தப் பொறுமை இல்லாமல் பேடை மட்டும் மாற்றிக் காரை அனுப்பிவிட்டால், புதிய பேடும் சில வாரங்களில் கருகிவிடும்.

ஆசிரியரின் காரில் காலிப்பரே இறுகியிருந்தது. அப்பாவுக்கு அன்று வேறு வேலை இருந்ததால் அதைப் பிரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஹேண்ட் பிரேக்கோடு இணைந்த காலிப்பரில் பிஸ்டனை நேராகப் பிடுங்கவோ இடுக்கியால் அழுத்தி உள்ளே தள்ளவோ கூடாது. உள்ளிருக்கும் திருகாணி உடைந்துவிடும். அதற்குரிய கருவியால் சுழற்றித்தான் எடுக்க வேண்டும், சுழற்றித்தான் போட வேண்டும். (இப்போது வரும் மின்சார ஹேண்ட் பிரேக் கார்களில் முறை வேறு. முதலில் மோட்டாரைப் பின்வாங்கச் செய்த பிறகே தொட வேண்டும்.) பேடுத் தூசியை வாயால் ஊதவும் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய பேடுகளில் கல்நார் கலந்திருக்கலாம். இதெல்லாம் சரியாகவே செய்தேன். பிஸ்டனில் லேசான துருதான் இருந்தது. மிக நைசான உப்புத்தாளால் போக்கினேன். பள்ளத்தில் படிந்த கசடைச் சுரண்டினேன். நெம்புகோலையும் பிரித்துச் சுத்தம் செய்தேன். ரப்பர் வளையம் கிழியாமல் நன்றாக இருந்தது. அதில் பிசுபிசுவென்று அழுக்கு. பட்டறையில் பல்சக்கரம், பேரிங் எல்லாவற்றையும் டீசலில்தானே கழுவுகிறோம்? வளையத்தையும் டீசல் தட்டில் போட்டு ஊறவைத்து, துடைத்து, பூட்டிவிட்டேன். ஏர் எடுத்தோம். சக்கரம் சுற்றியது. எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை ஆசிரியர் காரை எடுக்க வந்தார். அடுத்த நாள் காலை பேரக் குழந்தைகளோடு ஏற்காடு போவதாகச் சொன்னார். அப்பா சாவியைக் கொடுக்குமுன் வழக்கம்போலப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். பாதிச் சுற்றில் நின்றது.

“ஏன்டா, ரப்பரை எதுல கழுவுன?”

“டீசல்லப்பா.”

“பிரேக் ரப்பருக்கு பிரேக் ஆயில் தவிர வேற எதுவும் ஆகாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கிறேன்?”

“ஏன் ஆகாதுன்னு சொல்லலையேப்பா.”

“ஏன்னு எனக்குத் தெரியாது. ஊதிக்கும். அவ்வளவுதான் தெரியும்.”

திறந்து பார்த்தோம். வளையம் தன் பள்ளத்துக்குள் அடங்காமல் கொழுத்துப் போயிருந்தது. வலப்பக்கக் காலிப்பரின் வளையத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தபோது கண்ணாலேயே வேறுபாடு தெரிந்தது. பிஸ்டனை இழுக்க வேண்டிய வளையம், அதை முன்னேயும் விடாமல் பின்னேயும் விடாமல் நெருக்கிப் பிடித்திருந்தது.

அந்தக் கார் அப்படியே மலையேறி இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 1,500 கிலோ காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2.08 லட்சம் ஜூல். ஒருமுறை நிறுத்தினால் பிறக்கும் வெப்பம் ஒரு லிட்டர் நீரை 50 டிகிரி சூடேற்றும். இது சமவெளிக் கணக்கு. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வேறுபாடு சுமார் 1,200 மீட்டர். அவ்வளவு உயரம் இறங்கும் காரின் நிலையாற்றல் 1.76 கோடி ஜூல்! 30 டிகிரியில் இருக்கும் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். கீழ்க் கியரில் இறங்கினால் இதில் நல்ல பங்கை இஞ்சின் வாங்கிக்கொள்ளும், மிச்சம் பிரேக்குக்குத்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் காலை எடுத்த பிறகும் உராய்ந்துகொண்டே வரும் ஒரு பின்சக்கரத்தை எண்ணிப் பாருங்கள்.

அந்தச் சூடு காலிப்பர் வழியாக ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைச் சேர்மம். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரியாகக் குறைகிறது. டாட் 4க்கு இவை 230, 155. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். பெடல் தரையோடு போகும், கார் நிற்காது. அந்தக் குழந்தைகள் காரில் ஏறியிருக்கவில்லை என்றாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கல்லூரி திறந்ததும் நம் வேதியியல் பேராசிரியரிடம் அந்த வளையத்தைக் காட்டிக் கேட்டேன். ஒத்தது ஒத்ததில் கரையும் என்னும் விதியிலிருந்து அவர் தொடங்கினார். இத்தகைய பிரேக் ரப்பர், எத்திலீனையும் புரொப்பிலீனையும் கொண்டு செய்த ஹைட்ரோகார்பன் ரப்பர், முனைவற்றது. டீசல், பெட்ரோல், கிரீஸ், இஞ்சின் ஆயில் எல்லாமே முனைவற்ற ஹைட்ரோகார்பன்கள். எனவே அவை ரப்பரின் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து விலக்குகின்றன. குறுக்குப் பிணைப்புகள் இருப்பதால் ரப்பர் கரைவதில்லை, உப்புகிறது. கிளைக்கால் ஆயில் முனைவுள்ளது. ஆகவே அது ரப்பருக்குள் அவ்வளவாகப் புகாது. அப்பாவுக்குத் தெரியாத ‘ஏன்’ இவ்வளவுதான். வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப ஸ்பிரிட்ல கழுவலாமா?” என்று கேட்டார். கழுவலாம், ஆனால் முற்றிலும் உலர்ந்த பிறகே பூட்ட வேண்டும் என்றேன். அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அன்று மாலை ஆசிரியரிடம் அப்பா நடந்ததை மறைக்காமல் சொன்னார். பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடும்படி கேட்டுக்கொண்டார். இரு பின் காலிப்பர்களுக்கும் புதிய ரப்பர் செட் போட்டோம். டீசல் சுவடு இருக்குமென்று அஞ்சி, குழாயிலிருந்த பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றிப் புது ஆயில் நிரப்பினோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றும்படியும், காரை நெடுநாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்கும்படியும், ஓட்டும் நாள்களில் ஹேண்ட் பிரேக்கைத் தவறாமல் போட்டு எடுக்கும்படியும் ஆசிரியரிடம் சொல்லி அனுப்பினார். நெம்புகோல் அசைந்துகொண்டே இருந்தால் எளிதில் துருப்பிடித்து இறுகாது.

அடுத்த ஞாயிறன்று அவர் குடும்பத்தோடு ஏற்காடு போய், திரும்பும் வழியில் பட்டறைக்கு முன் காரை நிறுத்தினார். அப்பா எழுந்து போய் நான்கு சக்கரங்களிலும் புறங்கையைக் காட்டினார். பிறகு என்னையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். முன்சக்கரங்கள் இரண்டும் நல்ல சூடு. பின்சக்கரங்கள் மிதமான சூடு. இடமும் வலமும் ஒரே மாதிரி.