ஜெயிலுக்குள்ள போன திருநங்கையோட மாத்திரை என்ன ஆகுது?

நாகமலை புதுக்கோட்டையில இருந்து இன்னொரு எபிசோட். கேக்க நேரமில்லாதவங்களுக்காக இந்த எழுத்து வடிவம். நான் இழுத்த "அதாவது"க்களை எல்லாம் வெட்டியாச்சு.

377 பத்தின எபிசோடைக் கேட்ட ஒரு தோழர் அனுப்பின கேள்வி: "ஜெயில்ல இருக்கற திருநங்கைகளுக்கு காண்டம் கிடைக்குமா?" கேள்வி என்னவோ ஒரு வரிதான். அதுக்கு வேர் தேடிப் போனா 1994-ல டெல்லி திஹார் சிறையில போய் நிக்குது.

அந்த வருஷம் திஹாருக்குள்ள போய்ப் பார்த்த மருத்துவக் குழு, ஆண் கைதிகளுக்குள்ள உடலுறவு நடக்குது, எச்ஐவி பரவாம இருக்க காண்டம் கொடுங்கன்னு சொல்லிச்சு. அப்போ சிறைத்துறை ஐ.ஜி. கிரண் பேடி. கொடுத்தா ஓரினச் சேர்க்கையை ஊக்குவிச்ச மாதிரி ஆயிரும்னு மறுத்துட்டாங்க. எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன்ங்கற அமைப்பு, காண்டமும் கொடுக்கணும், 377-ஐயும் நீக்கணும்னு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. அந்தப் பிரிவை எதிர்த்து இந்தியாவுல வந்த முதல் வழக்கு அதுதான். 2001-ல தள்ளுபடி ஆச்சு. 2018 செப்டம்பர் 6-ல உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நாம எல்லாரும் கொண்டாடினோம். ஆனா அந்தச் சண்டை ஆரம்பிச்ச இடமே ஒரு ஜெயில்தான்னு நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாது.

இப்போ சட்டம் என்ன சொல்லுது? எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர்ல. அதோட 31-வது பிரிவுப்படி, அரசோட காவல்ல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் எச்ஐவி தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை நாலுக்கும் உரிமை இருக்கு. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, தடுப்புக் காவல்ல இருக்கறவர் எல்லாருமே அதுல அடக்கம். 22-வது பிரிவுப்படி, நோய்ப் பரவலைக் குறைக்கறதுக்காக காண்டம் கொடுக்கறதும் பயன்படுத்தறதும் குற்றம் ஆகாது. ஆக, 1994-ல சொன்ன காரணம் இன்னிக்கு சட்டப்படி செல்லாது. மிச்சம் இருக்கறது கூச்சம்தான். காண்டம் வைக்கணும்னா, உள்ள உடலுறவு நடக்குதுன்னு நிர்வாகம் வாயைத் திறந்து ஒத்துக்கணும்ல?

அடுத்து எண்ணிக்கை. என் தொழில் டேட்டாபேஸ் சம்பந்தப்பட்டது, அதனால இது எனக்குக் கொஞ்சம் எரிச்சலான ஏரியா. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சிறைப் புள்ளிவிவரம் போடுது. அதுல ரொம்ப காலமா ஆண், பெண்னு ரெண்டே கட்டம். 2014 ஏப்ரல் 15-ல நால்சா வழக்குத் தீர்ப்பு வந்து மூன்றாம் பாலினத்தை அங்கீகரிச்ச பிறகும் அப்படியேதான் இருந்துச்சு. டெல்லி உயர் நீதிமன்றத்துல ஒருத்தர் மனு போட்ட பிறகுதான் 2020 அறிக்கையில மூணாவது கட்டம் வந்துச்சு. அந்த வருஷக் கடைசியில நாடு முழுக்க 70 பேர்னு கணக்கு. வாசல்ல பதிவேடு எழுதறவர் "ஆண்"னு எழுதிட்டா அந்த ஆள் இந்த 70-க்குள்ள வரவே மாட்டாங்க. அதனால இந்த எண்ணை நான் முழுசா நம்பல.

இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போட 2021 கண்காணிப்புக் கணக்குல, எச்ஐவி விகிதம் திருநங்கைகள்கிட்ட 3.78 சதவீதம், சிறைவாசிகள்கிட்ட 1.93 சதவீதம், பொதுவா வயது வந்தவங்ககிட்ட 0.21 சதவீதம். ஜெயில்ல இருக்கற திருநங்கை இந்த ரெண்டு ஆபத்துக் குழுவுலயும் ஒரே நேரத்துல இருக்காங்க.

சரி, உடம்புக்கு என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நான் டாக்டர் இல்ல. பொதுவா எல்லா இடத்துலயும் ஒத்துக்கப்பட்ட விஷயங்களை மட்டும் சொல்றேன்.

ஏற்கெனவே எச்ஐவி இருந்து ஏ.ஆர்.டி. மையத்துல கூட்டு மருந்து வாங்கற ஒருத்தங்கன்னு வெச்சுக்கோங்க. இப்போ பெரும்பாலும் டி.எல்.டி., ஒரே மாத்திரைக்குள்ள மூணு மருந்து. தினமும் விடாம எடுத்தா ரத்தத்துல கிருமி அளக்க முடியாத அளவுக்கு இறங்கிரும். அந்த நிலையில உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது. ஆனா விட்டு விட்டு எடுத்தா கிருமி மருந்துக்குப் பழகிரும், அப்புறம் மருந்தை மாத்தணும். இப்போ அவங்களை ராத்திரி கைது பண்ணிக் கூட்டிட்டுப் போறாங்க. ஏ.ஆர்.டி. பச்சை புக் வீட்டு பீரோவுல இருக்கு. முதல் ராத்திரி, கூட இருக்கற நாற்பது பேர் காதுல விழ, "எனக்கு இந்த மாத்திரை வேணும்"னு காவலர்கிட்ட கேப்பாங்களா? நான் அந்த இடத்துல இருந்தா கேக்க மாட்டேன்.

ஹார்மோன் கதை இன்னும் சிக்கல். நிறைய பேர் கருத்தடை மாத்திரையை மெடிக்கல் ஷாப்புல தானே வாங்கிப் போடறாங்க, சீட்டு கிடையாது. சீட்டு இல்லாத மாத்திரையை சிறை டாக்டர் எதை வெச்சுத் தொடருவார்? நிர்வாணம், அதாவது ஆண்குறியையும் விதைப்பையையும் நீக்கற அறுவை, செஞ்சவங்களுக்கு உடம்புல சொந்தமா பாலின ஹார்மோன் உற்பத்தி ரொம்பக் குறைஞ்சிரும். மாத்திரையும் நின்னா திடீர் உடல் சூடு, வியர்வை, மனச்சோர்வு. நாள்பட்டா எலும்புத் தேய்மானம். தாயம்மா கையால செஞ்சுக்கிட்டவங்களுக்கு சிறுநீர்ப் பாதை சுருங்கற பிரச்சினை வரலாம். பிறப்புறுப்பு அமைக்கற அறுவை செஞ்சிருந்தா உள்பாதை சுருங்காம இருக்க விரிவாக்கிக் கருவியை ஒழுங்கா பயன்படுத்தணும். அதுக்கு சுத்தமான தண்ணியும் கதவு வெச்ச இடமும் வேணும். பாலியல் நலம்னா நமக்கு உடனே நோய்தான் ஞாபகம் வருது. தாழ்ப்பாள் போட்ட ஒரு கழிவறையும் அதுல சேர்த்தி.

மத்த தொற்றுகளை வேகமா சொல்லிடறேன். சிபிலிஸ், கொனோரியா, ஹெபடைட்டிஸ் பி. ஆசனவாயிலயும் தொண்டையிலயும் வர்ற கொனோரியா பல நேரம் அறிகுறியே காட்டாது. "ஏதாவது தொந்தரவு இருக்கா?"ன்னு மட்டும் கேட்டா இல்லைன்னுதான் பதில் வரும். சிபிலிஸ் ஆரம்பத்துலயே தெரிஞ்சா பெனிசிலின் ஊசியில சரியாயிரும்.

இனி கஷ்டமான பகுதி, கட்டாய உறவு. 2024-ல திருச்சி மத்திய சிறையில இருந்த ஒரு திருநங்கை ஒரு காவலர் மேல பாலியல் புகார் சொன்னாங்க, விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அமெரிக்காவுல டீ ஃபார்மர்ங்கற திருநங்கை ஆண்கள் சிறையில வன்முறைக்கு ஆளாகி, 1994-ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சும் அதிகாரி கண்டுக்காம விட்டா அது அரசியலமைப்பு மீறல்னு தீர்ப்பு. நம்ம ஊர்ல சட்டமே ஓட்டையா இருக்கு. சிறை ஊழியர் ஒரு பெண் கைதியை வன்புணர்ந்தா குறைஞ்சது 10 வருஷம். திருநங்கைன்னு வந்தா 2019-ம் வருஷ திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தோட 18-வது பிரிவு, அதிகபட்சமே 2 வருஷம். 2024 ஜூலை 1-ல வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 377 மொத்தமா இல்ல. சம்மதம் இல்லாத உறவுக்காக மிச்சம் வெச்சிருந்த பகுதியும் அதோட சேர்ந்து போயிருச்சு.

மருத்துவத்துல இதுக்கு ஒரு கடிகாரம் இருக்கு. வன்முறை நடந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா, 28 நாள் மாத்திரை எச்ஐவி தொற்றைத் தடுக்க உதவும். சீக்கிரம் ஆரம்பிக்க ஆரம்பிக்க நல்லது. ஆனா உள்ள இருக்கறவங்க யார்கிட்ட சொல்லணும்? பூட்டோட சாவியை வெச்சிருக்கறவர்கிட்ட.

2022 ஜனவரி 10-ல மத்திய உள்துறை எல்லா மாநிலத்துக்கும் ஒரு அறிவுரை அனுப்பிச்சு. தனி அறை, தனி கழிவறை, குளியலறை கொடுங்க, ஆனா தனிமைச் சிறை மாதிரி ஆக்கிராதீங்க. உடல் சோதனையை அவங்க விரும்பற பாலினத்தவரோ பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரோ செய்யட்டும். நல்ல அறிவுரைதான். ஆனா அறிவுரைங்கறது சட்டம் இல்லையே.

எனக்கு உறுத்தறது தூரம். இங்க இருந்து தேனி ரோட்டுல காளவாசல் தாண்டிப் போனா மதுரை மத்திய சிறை. அங்க இருந்து வைகையைத் தாண்டினா பனகல் ரோட்டுல ராஜாஜி அரசு மருத்துவமனை. அங்க திருநங்கைகளுக்குன்னு தனி கிளினிக் இருக்கு, நம்பிக்கை மையம் இருக்கு, ஏ.ஆர்.டி. மையம் இருக்கு. நடுவுல ஒரு ஆறும் ஒரு கேட்டும்தான்.

நம்ம நாட்டு ஜெயில்கள்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிங்க. இன்னிக்கு உள்ள, ஜாமீன் கிடைச்சா நாளைக்கு வெளிய. உள்ள ஆரம்பிச்ச சிகிச்சை வாசல்லயே அறுந்து போகவும் வாய்ப்பு இருக்கு. அதனால உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது உள்ள போக நேர்ந்தா, பச்சை புக்கோட நகலையும் டாக்டர் சீட்டையும் முதல் நாளே வக்கீல் கையில கொடுங்க. வக்கீல் இல்லைன்னா 15100, அது இலவச சட்ட உதவி. வெளிய வர்ற அன்னிக்கு சிறை மருத்துவமனையில என்ன மருந்து கொடுத்தாங்கன்னு எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க. எச்ஐவி சந்தேகங்களுக்கு 1097, கட்டணம் கிடையாது, பேரும் சொல்ல வேண்டாம்.