பிரேக் பெடல் மெத்தென்று அமுங்குகிறதா?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் சரக்கேற்றி, காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் கடைக்குக் காரிலேயே கொண்டு செல்பவர்கள் நம்மில் பலர். பிரேக் பெடல் மெத்தென்று அமுங்கினால் வண்டியை எடுக்கக் கூடாது.

வண்டி நிற்கையில் மிதித்துப் பார்ப்போம். நாலைந்து முறை மிதித்ததும் பெடல் இறுகினால், பெரும்பாலும் பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கும். அழுத்திய கால் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், எங்கோ ஆயில் கசிகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது.

மெக்கானிக் காற்றை எடுக்கும்போது ஆயில் டப்பா காலியாகக் கூடாது. வெளிவந்த ஆயிலைத் திரும்ப ஊற்றவும் கூடாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை, புதிதில் குறைந்தது 205 டிகிரி சூடு தாங்கும். ஈரமேறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். எனவே 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவோம்.

சரக்கு ஒருநாள் தாமதமானால் ஈடுகட்டலாம், உயிருக்கு ஈடில்லை.