கை பழக என் வயிறுதான் கிடைச்சுதா?

போன வருஷம் ஓர் அம்மா தன் மகனோடு என்னைப் பார்க்க வந்தார். வயது 48. இடது சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கிறது. வலி பெரிதாகத் தெரியாததால் வருஷக்கணக்கில் விட்டுவிட்டார். சிறுநீர் தேங்கித் தேங்கி, அந்தச் சிறுநீரகம் தண்ணீர்ப் பை மாதிரி வீங்கி, வேலையையே நிறுத்திவிட்டது. அடிக்கடி குளிர்காய்ச்சல் வேறு. "எடுத்துடணும்மா. வயித்தைக் கிழிக்காம, சின்னச் சின்னத் துளை போட்டே எடுத்துடலாம்" என்று யூராலஜி டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ஐயா, உங்க கஷாயத்துலயே சரி பண்ணிடுங்களேன்" என்றார் அந்த அம்மா.

நான் ஒளிக்கவில்லை. "செத்துப்போன சிறுநீரகத்துக்கு உயிர் கொடுக்கிற கஷாயம் என்கிட்ட இல்லைம்மா. இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆபரேஷனுக்குப் போங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகுதான் உள்ளே கிடந்த பயம் வெளியே வந்தது. "அது டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க நிறைய இருக்கிற ஆஸ்பத்திரி ஐயா. அவங்க கை பழக என் வயிறுதான் கிடைச்சுதா?"

நியாயமான கேள்விதானே! நான் சித்த மருத்துவன். கத்தி பிடிக்கிறவன் இல்லை. ஆனாலும் தெரிந்த சர்ஜன்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை அவருக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒத்திகை பார்த்த டாக்டர்

சிறுநீரகத்தைத் திட்டமிட்டு எடுத்த முதல் ஆபரேஷன் 1869 ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் நடந்தது. செய்தவர் குஸ்டாவ் சைமன். ஒரு சிறுநீரகத்தோடு உயிர் வாழ முடியுமா என்பதே அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் அவர் முதலில் நாய்களுக்குச் செய்து பார்த்தார். இறந்தவர்களின் உடலில் ஒத்திகை பார்த்தார். அதற்குப் பிறகுதான் நோயாளியின் மேல் கத்தி வைத்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். ஆக, முன்கூட்டியே கை பழகும் வழக்கம் இந்த ஆபரேஷனோடு கூடவே பிறந்தது.

துளை வழியாக எடுத்த முதல் ஆபரேஷன் 1990 ஜூன் 25இல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் ரால்ஃப் கிளேமேனும் அவர் குழுவும் 85 வயது மூதாட்டி ஒருவருக்குச் செய்தார்கள். சிறுநீரகத்தை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, அதற்குள்ளேயே துண்டாக்கி, துளை வழியே வெளியே எடுத்தார்கள். கிட்டத்தட்ட 7 மணி நேரம் பிடித்தது. தேர்ந்த கைகளுக்கே முதல் தடவை அவ்வளவு நேரம்!

அப்படி என்ன கஷ்டம்?

வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்ப வைப்பார்கள். மூன்று நான்கு துளைகள் போட்டு, ஒன்றில் காமிராவும் மற்றவற்றில் நீளமான கருவிகளும் நுழைப்பார்கள். டாக்டர் பார்ப்பது டி.வி. திரையை.

ஏற்றம் இறைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு முனை கீழே போனால் மறு முனை மேலே போகும். இங்கேயும் அதே கதைதான். துளைதான் நடுக்கால். கை வலப்பக்கம் போனால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும்! சாதாரணத் திரையில் ஆழமும் சரியாகத் தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், புரியும். எங்களைப் போல நாடி பார்க்கிறவர்களுக்கு விரல் நுனிதான் கண். அந்தத் தொடு உணர்ச்சியும் இதில் பெருமளவு போய்விடுகிறது.

எடுக்கப்போவதும் சாதாரண உறுப்பு இல்லை. இரண்டு சிறுநீரகங்களுக்கும் சேர்த்து நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு மேல் பாய்கிறது. அந்தத் தமனியில் கை தவறினால் திரையே சிவந்துவிடும்.

முதல் இருபது

அமெரிக்காவில் 5 ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 185 பேரின் விவரங்களை 1995இல் வெளியிட்டார்கள். செய்தவர்களே, கிளேமேன் உட்பட, மனம் திறந்து எழுதியது. வந்த சிக்கல்களில் நூற்றுக்கு 71, ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் செய்த முதல் 20 ஆபரேஷன்களுக்குள்ளேயே வந்தவை.

அப்படியானால் அந்த அம்மா பயந்தது சரிதானே? பாதி சரி. அந்த முன்னோடிகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, இதை ஏற்கெனவே செய்து பழகிய ஆசிரியர் இல்லை. இன்று இருக்கிறார். கற்கிறவர் நோயாளி பக்கம் வருவதற்கு முன்பே பழகிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

பெட்டியில் ஆரம்பம்

முதல் பாடம் ஒரு பெட்டி. மேலே துளைகள், உள்ளே காமிரா. இப்படிப்பட்ட பயிற்சிக் கருவியை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் ஜெர்மனியின் கீல் நகர மகப்பேறு மருத்துவர் குர்ட் செம். பெட்டிக்குள் சின்னப் பொருட்களை இடது கைக் கருவியால் எடுத்து வலது கைக்கு மாற்றி வைக்க வேண்டும். கோடு பிசகாமல் வட்டம் வெட்ட வேண்டும். வளையங்களுக்குள் ஊசியை நுழைக்க வேண்டும். முடிச்சுப் போட வேண்டும். ஐரோப்பாவில் யூராலஜி படிக்கிறவர்களுக்கு இந்த நான்கையும் வைத்தே ஒரு தேர்வு இருக்கிறது. நேரமும் பார்ப்பார்கள், தவறும் எண்ணுவார்கள்.

அடுத்து, கணினியில் ஓடும் மாதிரி ஆபரேஷன். சில பயிற்சி மையங்களில் மயக்கம் கொடுத்த பன்றியின் மேல் பயிற்சி. அதன் சிறுநீரகம் அளவிலும் அமைப்பிலும் மனிதருடையதை ஓரளவு ஒத்திருக்கும்.

ஒவ்வொரு படியாக

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.எஸ். முடித்து, அதற்கு மேல் 3 வருஷம் எம்.சிஹெச். படிக்கிறவர்தான் யூராலஜி சர்ஜன் ஆகிறார். 'படிக்கிற பிள்ளை' என்று நாம் நினைப்பவர் ஏற்கெனவே பல ஆபரேஷன்கள் செய்த சர்ஜன்!

அவருக்கும் முழு ஆபரேஷனை ஒரே நாளில் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் காமிரா பிடிக்க வேண்டும். பிறகு துளை போடுவது. பிறகு பெருங்குடலை மெதுவாக ஒதுக்கி, சிறுநீர்க் குழாயைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே மேலே போவது. தமனியைக் கிளிப் போட்டு வெட்டுவதும், அடுத்து சிரையை அடைப்பதும் கடைசிப் பாடம். ஆசிரியர் பக்கத்திலேயே நிற்பார். கை தயங்கினால் கருவியை வாங்கிக்கொள்வார்.

நோயாளியையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அடிக்கடி கிருமி தாக்கிய சிறுநீரகம் சுற்றிலும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது புதுக்கைக்கு ஏற்றதல்ல. சிறுநீரக தானம் இன்னும் கண்டிப்பு. 1995இல் அமெரிக்காவின் பால்டிமோரில் முதன்முதலாக தானச் சிறுநீரகத்தைத் துளை வழியே எடுத்தார்கள். தானம் தருகிறவருக்கு நோயே கிடையாது. அவருக்கு ஒரு கீறல்கூட அதிகமாக விழக்கூடாது. எடுத்த சிறுநீரகமும் கெடாமல் இருக்க வேண்டும். நன்றாகத் தேறிய கைக்கே அந்த வேலை.

நீங்கள் கேட்க வேண்டியவை

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் தயங்காமல் கேளுங்கள்:

1. எனக்கு ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர் யார்? ஆரம்பம் முதல் கடைசி வரை கூட இருப்பாரா?
2. இதே ஆபரேஷனை அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்?
3. கற்கிறவர் எந்தெந்தப் பகுதியைச் செய்வார்?
4. துளை வழியே முடியவில்லை என்றால் எப்போது வயிற்றைத் திறப்பீர்கள்?

நாலாவது கேள்வி முக்கியம். பாதியில் வயிற்றைத் திறந்தால் ஆபரேஷன் தோற்றது என்று அர்த்தமில்லை. 'இதற்கு மேல் துளை வழி ஆபத்து' என்று அறிந்து நிறுத்துவதும் படிப்புதான்.

அந்த அம்மா நான்கையும் எழுதி எடுத்துக்கொண்டு போனார். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாராம். "உங்களுக்கு உள்ளே ஒட்டல் அதிகமா இருக்கும்மா. ரத்தக் குழாய் வேலையெல்லாம் நான்தான். காமிரா பிடிக்கிறதும், கடைசியில துளையைத் தைக்கிறதும் என் மாணவர்" என்றாராம். நல்லபடியாக முடிந்தது.

ஒரு மாதம் கழித்து வந்தார். தழும்புகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் படிக்கிற பிள்ளைதான் ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்கும் வந்து வலிக்குதாம்மான்னு கேட்டுட்டுப் போச்சு. அது நல்லா வரும்" என்றார்.