முதல் வருடத்தில் விலகும் நர்சுகள்

நர்சிங் மாணவி நோயாளிக்கு ஊசி போடும்போது பக்கத்தில் ஆசிரியர் நிற்பார். வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் அதே பெண் நைட் டூட்டியில் தனியாக நிற்கிறார். ஒரு படுக்கையில் ட்ரிப் முடிந்திருக்கும். இன்னொருவருக்கு மூச்சு வாங்கும். கேஸ் ஷீட் எழுதப்படாமல் கிடக்கும். படித்த முறைப்படி எதையும் செய்ய நேரம் இருக்காது.

இந்த அதிர்ச்சியைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். அதன் பிறகும் அங்கே புது நர்சுகளில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் முதல் வருடத்துக்குள் முதல் வேலையை விட்டுவிடுகிறார்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனம் இல்லை' என்று சொல்வது பெரிய அநியாயம். பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன் குழு 2002-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, அவர் மனமும் உடலும் ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் ஏறுகிறது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் ஏறுகிறது. நர்சின் களைப்புக்கு நோயாளியும் விலை கொடுக்கிறார்.

கலிபோர்னியா இதற்குச் சட்டமே போட்டது. 2004-ல் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளின்படி தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்சுக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கூடாது. பொது வார்டில் இப்போது ஐந்து பேர் வரைதான்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. அமெரிக்காவில் நர்சுகளுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்த காலத்திலும் சில மருத்துவமனைகளுக்கு அவர்கள் விரும்பி வந்தார்கள், வந்தவர்கள் விலகவில்லை. அப்படிப்பட்ட 41 மருத்துவமனைகளை 1983-ல் ஓர் ஆய்வு அடையாளம் கண்டது. அங்கெல்லாம் தலைமை நர்சின் குரலுக்கு நிர்வாகத்தில் மதிப்பு இருந்தது. சிகிச்சை பற்றி நர்ஸ் சொன்னதை டாக்டர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். இன்று அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் புதியவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சித் திட்டம் நடத்துகின்றன. அனுபவசாலி ஒருவர் கூடவே இருந்து, எப்போது டாக்டரை எழுப்ப வேண்டும் என்பது வரை சொல்லித் தருகிறார்.

நம் நாட்டில் பல தனியார் மருத்துவமனைகள் கையாளும் வழி வேறு. பாண்டில் கையெழுத்து வாங்குவார்கள், அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைப்பார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையில்கூட நர்சின் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-ல் பரிந்துரைத்தது. அதைக்கூடக் கொடுக்காத இடங்கள் இன்றும் இருக்கின்றன. பாண்ட் முடிந்ததும் அந்தப் பெண்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ விண்ணப்பிக்கிறார்கள்.